பாராட்டு ஹோஸுக்கு, வேலை செய்தது ஆயில்

எந்தக் கல்லூரி வண்டி ஸ்டாண்டில் வேண்டுமானாலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "மச்சி, முன்னாடி பிரேக் ரொம்ப வீக்டா" என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த நொடியே நாலு பக்கத்திலிருந்தும் யோசனை வந்து விழும். "ஸ்டீல் ஹோஸ் போடு." "பெரிய டிஸ்க் மாத்து." "பெரிய வண்டி காலிபர் ஒண்ணு எடுத்து மாட்டு, அப்படியே உட்காரும்." "ரேடியல் மாஸ்டர் சிலிண்டர் போட்டுப் பாரு, ஒத்தை விரல்ல நிக்கும்." நாலும் காசு கொடுத்து வாங்கவேண்டிய யோசனைகள். "கடைசியா பிரேக் ஆயில் எப்போ மாத்தினே?" என்று கேட்கும் ஐந்தாவது ஆள் மட்டும் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருக்கமாட்டார்.

அந்த ஐந்தாவது ஆளின் கட்சிதான் இந்தக் கட்டுரையின் கட்சி. ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன் பிரேக்கை மேம்படுத்துவது தப்பே இல்லை. ஆனால் பழுது பார்க்காமல் மேம்படுத்துவது தப்பு. காசும் வீண், ஆபத்தும் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை வேறு வந்துவிடும்.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு ஞாபகம் இருக்கும். தேய்ந்த இயந்திரத்தைப் பழையபடி ஓடவைக்கச் செய்யும் செலவு வருவாயினம். அதன் திறனை முன்பு இருந்ததைவிடக் கூட்டச் செய்யும் செலவு முதலினம். ஒன்றை இன்னொன்றின் தலைப்பில் எழுதினால் லாபமும் தப்பாக வரும், இருப்புநிலைக் குறிப்பும் தப்பாக வரும். பிரேக்கிலும் இதே கதைதான். செய்யவேண்டியது வருவாயினச் செலவு. செய்வதோ முதலினச் செலவு. கணக்கு எங்கே சரியாக வரும்?

முதலில் அது எப்படி நிற்கிறது?

லிவரை இழுத்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயிலை அமுக்கினால் அது சுருங்காது. அதனால் அந்த அழுத்தம் ஹோஸ் வழியாக அப்படியே கீழே இறங்கி, காலிபருக்குள் இருக்கும் பெரிய பிஸ்டன்களைத் தள்ளுகிறது. அவை பேடை டிஸ்க்கின் மேல் அமுக்குகின்றன. பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

லிவரை விட்டதும் பேட் எப்படிப் பின்வாங்குகிறது? காலிபர் பிஸ்டனுக்கு ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, குறுக்கே வெட்டினால் சதுரமாகத் தெரியும் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது சீல் லேசாக வளைந்து கொடுக்கும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவுக்குப் பின்னால் இழுத்துவிடும். இவ்வளவுதான். பிஸ்டனைச் சுற்றி அழுக்கு சேர்ந்தாலோ, சீல் உப்பிப்போனாலோ இந்த மயிரிழை நடக்காது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

பேட் தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். அப்படி வெளியே வரும்போது பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்பும். எனவே ஹேண்டில்பாரில் இருக்கும் டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். இதைப் பார்த்ததும் "ஆயில் குறைஞ்சிருக்கு, கொஞ்சம் ஊத்துங்க" என்பார்கள். ஊற்றிவிட்டால் மட்டம் சரியாகிவிடும். ஆனால் அது சொல்ல வந்த செய்தி, அதாவது பேட் தேய்ந்துவிட்டது அல்லது எங்கோ கசிகிறது என்பது, அதோடு அமுங்கிப்போகும்.

பிரேக் என்பது உண்மையில் ஒரு அடுப்பு. வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றி காற்றில் விடுவதுதான் அதன் வேலை. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 210 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 81 கிலோஜூல். நன்றாகப் பிடித்து நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பங்கு முன் பிரேக்கின் தலையில்தான் விழும். ஐந்தில் நாலு பங்கு என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ எடையுள்ள எஃகு டிஸ்க்கின் சூடு ஒரே ஒரு முறை நிறுத்துவதிலேயே 130 டிகிரி போல ஏறும். கொல்லிமலை, வால்பாறை, ஏற்காடு என்று மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

வீக் ஆவது எப்படி?

முதல் குற்றவாளி ஆயில். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது இவற்றின் பிறவிக்குணம். புதிய டாட் 4 ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே பாஸ். அதாவது மூடியைத் திறக்காமல், வண்டியை ஓட்டாமல் சும்மா வைத்திருந்தாலும் 75 டிகிரி வரை தாங்கும் சக்தி காணாமல் போகலாம். கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரத்துக்குக் குறைவா என்ன?

கொதித்தால் என்ன ஆகும்? ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயில் சுருங்காது, ஆவி சுருங்கும். லிவரை இழுத்தால் அந்த இழுப்பெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே செலவாகிவிடும், பேடுக்கு எதுவும் போய்ச் சேராது. லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும். அதுவரை நன்றாக இருந்த பிரேக், மலை இறக்கத்தின் நடுவில் திடீரென்று இல்லாமல் போவது இப்படித்தான். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்றவேண்டும்.

இரண்டாவது, பேட். தேய்வது மட்டும் பிரச்சினை இல்லை. சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரே, ஃபோர்க் சீல் போய் ஒழுகும் ஆயில், வண்டி கழுவும் இடத்தில் பளபளப்புக்குத் தடவும் பாலிஷ் இவற்றில் எது பேடில் பட்டாலும் அது ஊறிவிடும். அதிக சூட்டில் பேடின் முகம் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடுவதும் உண்டு. தடிமன் நிறைய இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. "பேட் இன்னும் பாதி இருக்கே" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, காலிபர். சின்ன, நடுத்தர வண்டிகள் பலவற்றில் இருப்பது மிதக்கும் காலிபர். பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். காலிபர் முழுதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து மறுபக்கத்து பேடை இழுத்துக்கொண்டு வரும். இந்தப் பின் காய்ந்து இறுகிவிட்டால் ஒரு பேட் வேலை செய்யும், மற்றொன்று சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு பேடையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேய்மானத்தில் வித்தியாசம் தெரியும். மேம்படுத்த நினைக்கிறவர்களில் எத்தனை பேர் இதைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்?

நான்காவது, டிஸ்க். எவ்வளவு தேயலாம் என்பது டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும். பிரேக் பிடிக்கும்போது லிவர் விரலில் துடித்தால் "டிஸ்க் பெண்டு" என்று உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். சில சமயம் அது வளைவே இல்லை, பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதுதான்.

ஐந்தாவது, யாரும் பிரேக் கணக்கில் சேர்க்காத டயர். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயர். காய்ந்து கெட்டியான டயரில் உலகத்தின் உயர்ந்த காலிபரை மாட்டினாலும் அது செய்யப்போவது சக்கரத்தைச் சீக்கிரமாகப் பூட்டுவது ஒன்றுதான்.

பாராட்டு தப்பான ஆளுக்குப் போகும் இடம்

இப்போது அந்த ஸ்டாண்டில் கிடைத்த முதல் யோசனையை ஒருவர் நிறைவேற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடப் பழைய வண்டி. ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸை வாங்குகிறார். மாட்டுவதற்குப் பழைய ஹோஸைக் கழற்றவேண்டும். கழற்றினால் ஆறு வருடக் காப்பி நிற ஆயில் வெளியே வந்துவிடும். புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்து, இணைப்புகளுக்குப் புது வாஷர் போட்டு முறுக்குகிறார்கள். கையோடு கையாக மெக்கானிக் காலிபரையும் துடைத்துவிடுகிறார். வண்டியை எடுத்து ஒரு சுற்று வந்ததும் அவர் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு. "ஹோஸ் செம்ம மச்சி! வேற வண்டி மாதிரி இருக்கு!"

வேறு வண்டி மாதிரிதான் இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே மாறியது ஒன்றல்ல, நாலு. ஹோஸ், ஆயில், உள்ளே இருந்த காற்று, காலிபர் அழுக்கு. விலை அதிகம் கொடுத்தது ஹோஸுக்கு என்பதால் பாராட்டு முழுவதும் ஹோஸுக்குப் போய்விட்டது. மற்ற மூன்றுக்கும் ஆன செலவு சில நூறு ரூபாயும் அரை மணி நேரமும். நாலு பேர் சேர்ந்து கடை நடத்தி, லாபம் முழுவதையும் அதிக முதல் போட்ட பங்குதாரரின் கணக்கில் எழுதுவது போலத்தான் இது.

ஸ்டீல் ஹோஸ் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும், வயதாக ஆக இன்னும் உப்பும். ஸ்டீல் பின்னல் அந்த உப்பலைக் குறைப்பதால் லிவர் கெட்டியாக, துல்லியமாக இருக்கும். அது உண்மையான லாபம். ஆனால் அந்த லாபம் எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் முதலில் ஆயிலை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கவேண்டும். பிறகு பேட். பிறகுதான் ஹோஸ். ஒரு நேரத்தில் ஒன்று.

இது வெறும் கஞ்சத்தனம் இல்லை, இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாராட்டை ஹோஸுக்குக் கொடுத்தவர், அடுத்த மூன்று வருடத்துக்கு "என் வண்டியில ஸ்டீல் ஹோஸ் இருக்கு" என்ற தைரியத்தில் ஓட்டுவார். ஆயிலோ மறுபடியும் தன் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது வருடம் லிவர் மறுபடி பஞ்சு மாதிரி ஆகும்போது அவர் என்ன செய்வார்? பெரிய காலிபர் விலை விசாரிப்பார் :-)

மேம்படுத்தினால் எவ்வளவு கூடும்?

டிஸ்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம். யமஹா ஆர் 15 இந்தியாவுக்கு வந்தது 2008-ல். அதன் முன் டிஸ்க் 267 மில்லிமீட்டர். 2018-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 282. கேடிஎம் ஆர்சி 390-ல் முதலில் 300 இருந்ததை 2017-ல் 320 ஆக்கினார்கள். டிஸ்க்கின் ஆரம் கூடினால் அதே பிடிக்கு அதே விகிதத்தில் நிறுத்தும் விசை கூடும். கணக்கு போட்டால் முதலாவதில் ஐந்தரை சதவீதம் போல, இரண்டாவதில் ஆறரை சதவீதம் போல வரும். வண்டியைச் செய்த நிறுவனமே, காலிபர் இருக்கும் இடத்தையும் சக்கரத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டு, டிஸ்க் அளவை மாற்றியதில் கிடைத்தது இவ்வளவு. பெரிய டிஸ்க்கின் இன்னொரு லாபம், வெப்பத்தைத் தாங்கவும் ஆற்றவும் கொஞ்சம் அதிக இடம் கிடைப்பது. ஊறிப்போன பேட் ஒன்று இதைவிட எத்தனையோ மடங்கைத் தின்றுவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் கதை இன்னும் வேடிக்கை. "பெரிசு போட்டா பிரேக் ஜாஸ்தி" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். ஒற்றை டிஸ்க் வண்டியில் 12.7 மில்லிமீட்டர் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிட்டு, இரட்டை டிஸ்க் வைத்த பெரிய வண்டிகளுக்கான 19 மில்லிமீட்டர் சிலிண்டரைப் போடுகிறார் ஒருவர். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும். 19-ஐ 12.7-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.24. லிவரின் நெம்புகோல் விகிதம் மாறவில்லை என்றால், விரலில் அதே பலம் கொடுத்தால் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் பழையதில் 45 சதவீதம்தான். பாதிக்கும் கீழே! லிவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். "சூப்பர் ஃபீல்" என்று தோன்றும். அதே தூரத்தில் நிற்க விரலில் இரண்டு மடங்குக்கு மேல் பலம் போடவேண்டும். பயத்தில் கை அந்தப் பலத்தைக் கொடுக்குமா என்பது நடுரோட்டில்தான் தெரியும்.

காலிபரில் இதுவே தலைகீழ். பிஸ்டன் பரப்பு கூடினால் விசை கூடும், ஆனால் அதை நிரப்ப அதிக ஆயில் வேண்டும். சின்ன மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு ஆயிலைத் தள்ளமுடியாமல் லிவர் கைப்பிடியைத் தொடும். ஆக மாஸ்டர் சிலிண்டர், காலிபர், டிஸ்க் மூன்றும் ஒரு குடும்பம். ஒருவரை மட்டும் மாற்றினால் மற்ற இருவரோடு ஒத்துப்போகுமா என்று பார்க்கவேண்டும். தனித்தனியாக நல்ல பொருள் என்பதால் சேர்ந்தும் நன்றாக இருக்கும் என்று சொல்லமுடியாது.

பேட்தான் இருப்பதிலேயே நல்ல பேரம். பிசின் கலந்த ஆர்கானிக் பேட் மென்மையானது, டிஸ்க்கை அதிகம் தின்னாது. உலோகத் தூளை இறுக்கிச் செய்யும் சின்டர்டு பேட் மழையிலும் சூட்டிலும் நன்றாகத் தாங்கும், டிஸ்க்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும். டிஸ்க்குக்குப் பொருத்தமானது எது என்று பார்த்து, போலி இல்லாத இடத்தில் வாங்கி, மாட்டியபின் முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்கு முரட்டுத்தனமாகப் பிடிக்காமல் பழக்கவேண்டும். புது பேடின் முகம் டிஸ்க்கோடு முழுதாகப் பொருந்தும்வரை அதன் முழுப் பிடிப்பு கிடைக்காது. அட்டைப்பெட்டி அசல் மாதிரியே இருக்கும் மலிவு பேடை வாங்கி முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள், அந்த முந்நூறில் என்ன அடகு வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவேண்டும்.

அப்படியானால் மேம்படுத்தவே கூடாதா?

கூடும். அடித்தளத்திலேயே பிரேக் போதாத வண்டிகள் உண்டு. இதற்கு இந்தியாவில் பெரிய உதாரணம் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350 வண்டியை 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. ஜப்பானிய வண்டியில் முன்னால் டிஸ்க் இருந்தது. 1969-லேயே ஹோண்டா சிபி 750 முன் டிஸ்க்கோடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்துவிட்ட உலகம் அது. ஆனால் ராஜ்தூத்தில் அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு 7 அங்குல டிரம் வைத்தார்கள். 30 குதிரைத்திறன் போல ஓடும் இரட்டை சிலிண்டர் இயந்திரம், நிறுத்துவதற்கு டிரம்! அந்த வண்டியை இன்றும் பொக்கிஷமாக வைத்திருப்பவர்களில் சிலர் முன்னால் டிஸ்க் பொருத்திக்கொள்கிறார்கள் என்றால் அது ஆடம்பரம் இல்லை, அவசியம். அங்கே டிரம்மை எவ்வளவு அழகாகப் பழுது பார்த்தாலும் கிடைக்கும் உச்சம் போதாது. அதுதான் உண்மையான முதலினச் செலவு.

அதேபோல் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்திலோ, கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையம் காரி தளத்திலோ சுற்றுக்குச் சுற்று முழு வேகத்திலிருந்து பிடித்துப் பிடித்து ஓட்டுபவருக்கு நல்ல சின்டர்டு பேடும், ஸ்டீல் ஹோஸும், அதிகக் கொதிநிலை ஆயிலும் தேவை. அவர் வெப்பத்தோடு போராடுகிறார். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகிறவர் போராடுவது வெப்பத்தோடு இல்லை, ஆட்டோவோடு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு ஒரு எளிய சோதனை. பழுதெல்லாம் பார்த்து முடித்த வண்டியில், ஆளில்லாத, காய்ந்த, நேரான இடத்தில், நிதானமான வேகத்தில், லிவரைப் படிப்படியாக இறுக்கிப் பார்க்கவேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால், டயரின் எல்லையை பிரேக் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் வாங்கும் பலத்தைப் பயன்படுத்த டயரில் இடமில்லை. இனி வாங்கக்கூடியது இரண்டே இரண்டுதான்: விரலில் தெரியும் துல்லியம், வெப்பம் தாங்கும் சக்தி. அவை வேண்டுமென்று தெரிந்தே வாங்கினால் சரி. நிற்கும் தூரம் பாதியாகும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இந்தச் சோதனையை எல்லை வரை கொண்டுபோகவே கூடாது, முன் சக்கரம் பூட்டினால் கீழே விழுவது நிச்சயம்.

நிற்கும் தூரத்தையும் ஒரு முறை கணக்கு போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்றால், அது நல்ல பிடிதான், மணிக்கு 60-ல் வரும் வண்டி நிற்க 20 மீட்டர் வேண்டும். 100-ல் வந்தால் 55 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியது, தூரமோ இரண்டே முக்கால் மடங்கு. இதில் பார்த்துச் சுதாரிக்கும் நேரம் சேரவில்லை. ஒரு நொடி சுதாரித்தால் 60-ல் இன்னொரு 17 மீட்டர், 100-ல் இன்னொரு 28 மீட்டர். எந்தக் கடையிலும் விற்காத மேம்பாடு இது: பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பதும், இரண்டு விரலை எப்போதும் லிவர் மேல் வைத்திருப்பதும்.

முன் பிரேக்கைத் தொடவே பயப்படுபவர்களையும் இங்கே சொல்லவேண்டும். "முன்னாடி பிடிச்சா குப்புற கவுத்துடும்டா" என்று அண்ணன்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கவிழ்ப்பது முன் பிரேக் அல்ல, அதைப் பிடுங்கி இழுப்பது. லிவரை முதலில் லேசாக, பாரம் முன்னால் வந்ததும் அழுத்தமாக என்று படிப்படியாக இறுக்கினால் அதுதான் வண்டியின் மிகப் பெரிய நிறுத்தும் சக்தி. பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர் முன்னால் எந்த டிஸ்க் மாட்டினாலும் அவருக்கு அது அலங்காரம்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் முதலும் இந்தியாவில் ஏபிஎஸ் கட்டாயமானது. நல்ல விஷயம். ஆனால் ஏபிஎஸ் கெட்ட ஆயிலை நல்ல ஆயிலாக்காது, வழுக்கும் பேடை மாற்றிக்கொடுக்காது. அதோடு ஏபிஎஸ் வண்டியில் ஹோஸ் கழற்றினால் அதன் யூனிட்டுக்குள் காற்று மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சிலவற்றில் அதை எடுக்க சர்வீஸ் சென்டரின் கருவி தேவைப்படும். வீட்டு வாசலில் பரிசோதனை செய்வதற்கு முன் இது தெரிந்திருக்கவேண்டும்.

"அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவாரு" என்பது வழக்கமான பதில். சர்வீஸுக்கு விட்டால் எஞ்சின் ஆயில் மாற்றுவார், சங்கிலி இறுக்குவார். பிரேக் ஆயிலைச் சொன்னால்தான் மாற்றுவார். சொல்வது ஓட்டுபவரின் வேலை. என்ன சொல்லவேண்டும்? பிரேக் ஆயில் முழுவதும் மாற்றவேண்டும், அதுவும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தால் அதுவேதான். சிலிகான் வகையான டாட் 5-ஐ அதோடு கலக்கவே கூடாது, பெயர் 5.1 போல இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லவேண்டும். பின்களைத் துடைத்து அதற்கென்றே உள்ள கிரீஸ் தடவவேண்டும். காலிபரை பெட்ரோலில் கழுவக்கூடாது, சீல் உப்பிவிடும். ஏர் எடுக்கும்போது நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விடவேண்டும், இல்லாவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். பெயிண்டில் ஆயில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றவேண்டும், தாமதித்தால் பெயிண்ட் உரிந்துவிடும். இவ்வளவையும் கேட்டால் முகம் சுளிக்கும் மெக்கானிக்கைவிட, "இதோ பாருங்க தம்பி" என்று பழைய பேடைக் கையில் கொடுக்கும் மெக்கானிக்கைத் தேடிப் போவது நல்லது.

சாலை விபத்தில் 2022-ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இதெல்லாம் பிரேக்கால் நடந்தது என்று யாரும் சொல்லமுடியாது, காரணம் ஆயிரம் இருக்கும். ஆனால் கடைசி இருபது மீட்டரில் ஓட்டுபவரின் கையில் மிச்சம் இருப்பது அந்த ஒரு லிவர்தான். ஹெல்மெட் அடிபட்ட பிறகு காப்பாற்றும். பிரேக் அடிபடுவதற்கு முன்னால் காப்பாற்றும்.

ஆகவே வரிசை இதுதான்: ஆயில், பேட், காலிபர் சுத்தம், டயர். அதன் பிறகும் குறை இருந்தால் ஹோஸ். அதன் பிறகும் போதவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரும் காலிபரும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கணக்கு போட்டுவிட்டு மற்றவை. வண்டியை எடுக்கும்போது ஒரு நிமிடம் டப்பாவின் கண்ணாடி வழியாக ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். லேசான மஞ்சளாக இருந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம். காப்பி நிறத்தில் இருந்தால், எந்த காலிபர் வாங்கலாம் என்ற பேச்சை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். மெதுவாக.